ஜெனீவாவின் பள்ளி ஆசிரியரை விட்டுவிட்டு எழுதப்பட்ட வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வெளியான படக்கதை வரலாறு பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு இரண்டு முறை படித்தேன். இப்படிப்பட்ட பொருளுக்கு ஒரு நாளிதழ் முழுப்பக்கம் ஒதுக்குவது அரிது என்பதால், முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், படக்கதை என்னும் கலை 1895-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் தோன்றிய மஞ்சள் அங்கிச் சிறுவனோடுதான் பிறந்தது என்று அக்கட்டுரை தன் முதல் பத்தியிலேயே அறுதியிட்டுக் கூறியிருந்தது. அந்த ஒரு வரியைக் கடந்துபோக என்னால் இயலவில்லை. ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த அச்சிறுவனுக்கு உரிய இடம் உண்டு. நாளிதழின் வாசகர் கூட்டத்தையும் படக்கதையையும் பிரிக்க முடியாதபடி பிணைத்தவன் அவன்தான். ஆனால் அவன் அச்சேறுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் ஒரு பள்ளி ஆசிரியர் கட்டம் கட்டமாகக் கதை வரைந்து, அதைப் புத்தகமாக அச்சிட்டு விற்பனைக்கும் விட்டுவிட்டார். ரொடோல்ஃப் டோப்ஃபர் என்ற அவருடைய பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை.

டோப்ஃபர் 1799 ஜனவரி 31 அன்று ஜெனீவாவில் பிறந்தவர். தந்தை வோல்ஃப்காங் ஆடம் டோப்ஃபர் நிலக்காட்சி ஓவியராகவும் கேலிச்சித்திரக்காரராகவும் அறியப்பட்டவர். அந்த வீட்டில் வளர்ந்த மகனுக்கும் ஓவியராக வேண்டும் என்பதுதான் ஆசை. இளமையிலேயே அவரைப் பீடித்த கண் நோய் அந்த ஆசையைத் தடுத்துவிட்டது. 1819-இல் பாரிஸ் சென்றபோது மருத்துவம், படிப்பு என்ற இரு நோக்கங்களும் இருந்தன. ஊர் திரும்பியபோது, வண்ணங்களோடும் நுணுக்கங்களோடும் மல்லுக்கட்டும் தைல ஓவியம் தன் கண்களுக்கு ஒத்துவராது என்பது தெளிவாகியிருந்தது. ஆசிரியப் பணிக்குப் போனார், 1823-இல் திருமணம் செய்துகொண்டார், அதையொட்டி மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1832-இல் ஜெனீவா அகாதெமியில் இலக்கியப் பேராசிரியராகவும் அமர்ந்தார். ஆண்டுதோறும் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் நாள்கணக்கில் நடந்தே பயணம் செய்வது அவர் வழக்கம். அந்தப் பயணக் குறிப்புகளும் சித்திரங்களும் 1844-இல் பாரிசில் தனி நூலாகவும் வெளிவந்தன. உரைநடைக் கதைகள் எழுதிய வகையிலும் அவருக்குப் பெயர் உண்டு. பிரெஞ்சு விமர்சகர் சேன்ட்-பவ் அவரைப் பற்றி 1841-இல் விரிவாகவே எழுதினார்.

இவற்றுக்கு நடுவே மாலைப் பொழுதுகளில், மாணவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க, பேனாவும் மையும் கொண்டு அவர் கிறுக்கியவைதான் இன்று நாம் படக்கதை என்று அழைப்பதன் தொடக்கம். வண்ணம் இல்லை, நிழல் தீற்றல் மிகக் குறைவு, கோடு மட்டுமே உண்டு. கண் நோய் அவரிடமிருந்து எதைப் பறித்ததோ, அது இல்லாமலேயே இயங்கக்கூடிய ஒரு கலையை அவர் கண்டெடுத்தார் என்றே நான் எண்ணுகிறேன். 1827-இல் 'மிஸ்டர் வியூ புவா' கதையை முழுதாக வரைந்து முடித்தார். ஆனால் பத்தாண்டுகள் அது கையெழுத்து நோட்டாகவே நண்பர்களிடையே சுற்றிவந்து, 1837-இல்தான் அச்சேறியது. மதிப்பான வேலையில் இருக்கும் ஒரு கல்வியாளர் இப்படிப்பட்ட கோமாளிச் சித்திரங்களைத் தன் பெயரில் வெளியிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம் அவருக்கு இருந்தது.

அந்தத் தயக்கத்தைப் போக்கியவர் ஜெர்மன் மகாகவி கெதே. கெதே வாழ்ந்த வைமார் நகரில் இளவரசனுக்கு ஆசிரியராக இருந்த ஃப்ரெடெரிக் சொரே என்னும் ஜெனீவாக்காரர் வழியாக டோப்ஃபரின் நோட்டுகள் கெதேயின் கைக்குச் சென்றன. அப்போது கெதேக்கு வயது 80-ஐக் கடந்திருந்தது. 'டாக்டர் ஃபெஸ்டஸ்' கதையை ஒரேயடியாகப் புரட்டினால் கருத்துகள் செரிக்காமல் போய்விடும் என்று சொல்லி, சில தாள்களைப் பார்ப்பதும் நிறுத்திவைப்பதுமாக அவர் ரசித்தார். இதில் திறமையும் நகைச்சுவையும் மின்னுகின்றன, இவர் இதைவிடக் கனமான பொருளை எடுத்துக்கொண்டு தன்னைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினால் நம்ப முடியாத செயல்களைச் செய்வார் என்று 1831 ஜனவரியில் கெதே சொன்னதை, அவருடைய உரையாடல்களைப் பதிவுசெய்த எக்கர்மன் குறித்துவைத்திருக்கிறார். அந்தப் பாராட்டு ஜெனீவாவை எட்டிய பிறகுதான் டோப்ஃபர் துணிந்தார். 1833-இல் 'மிஸ்டர் ழபோ' அச்சானது, 1835-இல் விற்பனைக்கு வந்தது. கனமான பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்ன அறிவுரையை மட்டும் அவர் பின்பற்றவே இல்லை. அது நமக்கு நல்லதாகவே முடிந்தது.

அவர் புத்தகங்களை அச்சிட்ட முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மொழிபெயர்க்கப்பட்ட படக்கதைகளுக்குத் தமிழ் எழுத்துகளைப் பதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இந்த இடம் எனக்கு மிக நெருக்கமானது. அக்காலத்தில் புத்தகத்தில் படம் வரவேண்டுமானால், பெரும்பாலும் ஓவியர் வரைந்ததைச் செதுக்குபவர் மரத்திலோ செம்பிலோ வெட்டித் தருவார். எழுத்தை வேறொருவர் அச்சுக்கோப்பார். ஆக, ஓவியரின் கோடு வாசகரிடம் சேரும்போது அது இன்னொருவரின் கோடாகிவிடும். கல்லச்சில் ஓவியரே கல்மீது வரையலாம் என்றாலும், அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி விழும் என்பதால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாக எழுத வேண்டியிருந்தது. டோப்ஃபர் தேர்ந்தது 'ஆட்டோகிராஃபி' என்ற மாற்றுக் கல்லச்சு முறை. பசை பூசிய தனித் தாளில், கொழுப்புச் சேர்த்த மையைக்கொண்டு, சாதாரணமாக எழுதுவது போலவே நேராக எழுதலாம், வரையலாம். தாளைக் கல்மீது கவிழ்த்து அழுத்தினால் மை கல்லுக்கு மாறிவிடும். கல்லிலிருந்து மறுபடியும் தாளுக்கு வரும்போது எழுத்து நேராகவே நிற்கும்.

இதனால் என்ன நேர்ந்தது என்பதை அவருடைய ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்த்தால் விளங்கும். அகலவாக்கில் அமைந்த சிறிய புத்தகம், பக்கத்துக்கு ஒரே ஒரு வரிசைக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் சட்டமும் அளவுகோல் வைக்காமல் கையாலேயே இழுத்த கோடு, சற்று நடுங்கும். கீழே இரண்டு மூன்று வரிகள், அவருடைய சொந்தக் கையெழுத்தில். படத்தின் கோடும், சட்டத்தின் கோடும், எழுத்தின் கோடும் ஒரே பேனாவிலிருந்து, ஒரே வேகத்தில் வந்தவை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். நான் வேலை செய்த நாட்களில் மூல ஓவியரின் கையெழுத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் கணினி எழுத்தை வைப்பேன். அப்படி வைக்கும்போதெல்லாம் படம் ஒருபுறமும் சொல் ஒருபுறமும் விலகி நிற்பதைக் கண்டிருக்கிறேன். அளவைக் கூட்டியும் குறைத்தும், சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்திருக்கிறேன், அந்த இடைவெளி முழுதாக அடைபட்டதில்லை. டோப்ஃபரின் பக்கங்களைப் பார்த்த பிறகுதான் நான் அழித்துக்கொண்டிருந்தது எது என்பது எனக்குப் புரிந்தது.

படமும் சொல்லும் ஒன்றாக இயங்க வேண்டும் என்பதை அவர் தற்செயலாகச் செய்யவில்லை, தெரிந்தே செய்தார். 'மிஸ்டர் ழபோ' பற்றி 1837-இல் அவரே ஒரு குறிப்பு எழுதினார். எழுத்து இல்லாவிட்டால் இப்படங்களின் பொருள் மங்கலாகவே தெரியும், படங்கள் இல்லாவிட்டால் எழுத்துக்குப் பொருளே இராது, இரண்டும் சேர்ந்தால் நாவல் போன்ற ஒன்று உருவாகிறது என்பதே அதன் சாரம். கலையைப் படைத்தவரே அதன் இலக்கணத்தையும் உடனடியாக எழுதிவைத்தது வியப்புக்குரியது. பேச்சுக் குமிழி இருந்தால்தான் படக்கதை என்று வாதிடுவோர் உண்டு, உங்கள் கட்டுரையாளரும் அந்த அளவுகோலைத்தான் கையாண்டிருக்கிறார். ஆனால் பேச்சுக் குமிழி 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கேலிச்சித்திரங்களிலேயே ஏராளமாக உண்டு. அவற்றை யாரும் படக்கதை என்று அழைப்பதில்லை. கதையை நகர்த்துவது கட்டத்துக்குக் கட்டம் நிகழும் தாவல்தான்.

அந்தத் தாவலுக்கு ஒரு எடுத்துக்காட்டு மட்டும் தருகிறேன். 'மிஸ்டர் வியூ புவா' கதையின் நாயகன் காதலில் விழுந்து, நிராகரிக்கப்பட்டு, வாளால் தன்னைக் குத்திக்கொள்கிறான். நல்லவேளையாக வாள் அக்குளுக்கு அடியில் போய்விட்டது என்கிறது கீழே உள்ள வரி. அடுத்த கட்டத்தில் அவன் தரையில் கிடக்கிறான். 48 மணி நேரம் தான் இறந்துவிட்டதாகவே அவன் நம்பிக்கொண்டிருந்தான் என்கிறது எழுத்து. அதற்கடுத்து, பசி தாங்காமல் உயிர்த்தெழுகிறான். பின்னொரு முறை தூக்குப் போட்டுக்கொள்கிறான், கயிறு நீளமாக இருந்ததால் பிழைக்கிறான். தெருவில் காதலியின் குரல் கேட்டதும், கழுத்தில் கயிறு இருப்பதையே மறந்து, கயிறு கட்டிய உத்தரக் கட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறான். ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் அவன் உள்ளாடை மாற்றிக்கொள்கிறான் என்ற வரி, ஒரு பாட்டின் பல்லவிபோல மீண்டும் மீண்டும் வருகிறது. தரையில் கிடக்கும் மனிதனின் படத்தில் 48 மணி நேரம் எங்கே இருக்கிறது? படத்தில் இல்லை, கட்டத்துக்குக் கீழே இருக்கும் வரியில்தான் இருக்கிறது. இறந்ததாக நம்பும் மனிதனின் முகமோ எழுத்தில் இல்லை, படத்தில்தான் இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் சிரிப்பு வராது.

முகத்தைப் பற்றியும் அவர் ஆழ்ந்து சிந்தித்தவர். 1845-இல் எழுதிய 'முகக்குறியியல் கட்டுரை' என்ற சிறு நூலில், எவ்வளவு மோசமாக வரையப்பட்டாலும் எந்த மனித முகமும் ஏதோ ஓர் உணர்ச்சியைக் காட்டாமல் இராது என்று கூறி, மூக்கையும் உதட்டையும் இம்மியளவு மாற்றி மாற்றி வரிசை வரிசையாகத் தலைகளை வரைந்து காட்டுகிறார். உடற்கூறு கற்காத ஒருவரும் வெறுமனே கிறுக்கிப் பார்த்து, வந்த முகத்தில் ஒரு மனிதரைக் கண்டுபிடித்து, அவருக்கு ஒரு கதையும் சொல்லலாம் என்பது அவருடைய துணிபு. கலை வரலாற்றாளர் கோம்ப்ரிச் 20-ஆம் நூற்றாண்டில் இதற்கு 'டோப்ஃபர் விதி' என்றே பெயரிட்டார். ஓர் ஆசிரியர், வரையத் தெரியாதவரும் வரையலாம் என்று எழுதிக் கொடுத்த புத்தகம் அது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு.

இனி, அவர் பெயர் எப்படித் தொலைந்தது என்ற கதைக்கு வருகிறேன். அவருடைய புத்தகங்கள் புகழ்பெறத் தொடங்கியதும், பாரிசில் ஓபேர் என்ற பதிப்பகம் 1839-இல் அவற்றை வேறு கைகளால் படியெடுத்து, அவருடைய இசைவு இல்லாமலேயே வெளியிட்டது. டோப்ஃபர் அதே ஆண்டில் 'வியூ புவா' கதையைப் புதிதாக வரைந்து, கட்டங்களையும் கூட்டி, இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்தார். ஆனால் கடல் கடந்து பரவியது திருட்டுப் பதிப்புதான். 1841-இல் லண்டனில் டில்ட் அண்ட் போக் நிறுவனம் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது நாயகனின் பெயர் ஒபதையா ஓல்ட்பக் என்று மாறியது. 1842 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கில் 'பிரதர் ஜொனாதன்' இதழின் சிறப்பு இணைப்பாக அது வெளிவந்தது. அமெரிக்காவில் அச்சான முதல் படக்கதைப் புத்தகம் என்று ஆய்வாளர்கள் பலரும் குறிப்பிடுவது இதையே. அதில் வரைந்தவரின் பெயர் இல்லை. உங்கள் கட்டுரையில் படக்கதையின் தாய்நாடாகக் கூறப்படும் அதே நியூயார்க்கில், மஞ்சள் அங்கிச் சிறுவன் தோன்றுவதற்கு 53 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஜெனீவா ஆசிரியரின் கட்டங்கள் பெயரின்றி விற்றுக்கொண்டிருந்தன. ஒரு முறை விடுபட்ட பெயர், பிறகு வரலாறு எழுதுகிறவர்களின் கண்ணிலும் படாமல் போவது எளிது. அண்மைக் காலத்தில்தான் டேவிட் குன்சில் போன்ற ஆய்வாளர்கள் அப்பெயரை மீட்டு உரிய இடத்தில் வைத்தார்கள்.

அவருக்கு முன்னால் எதுவுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. லண்டனில் ஓவியர் ஹோகார்த் 1732-லேயே ஒரு பெண்ணின் வீழ்ச்சியை ஆறு செதுக்குப்படங்களில் சொல்லிவிட்டார், டோப்ஃபர் அவரைப் பெரிதும் போற்றியவர். ஹோகார்த்தின் படம் ஒவ்வொன்றும் நின்று நிதானமாகப் படித்துப் பொருள்கொள்ள வேண்டிய தனிக்காட்சி, டோப்ஃபரின் கட்டமோ அடுத்த கட்டத்துக்கு நம்மைத் தள்ளிவிடுவது. அவர் குறைகளே இல்லாதவர் என்பதும் என் கருத்தன்று. அரசியலில் அவர் பழமையின் பக்கமே நின்றார். 1845-இல் வெளியிட்ட 'ஆல்பெர்' என்ற கதையில் ஜெனீவாவின் சீர்திருத்தக் கட்சியினரை, குறிப்பாக ழேம்ஸ் ஃபசியை, அவர் தாக்கிய விதம் எனக்கு உவப்பானதில்லை, அவருடைய மற்றக் கதைகளில் உள்ள விளையாட்டு அதில் வறண்டுவிடுகிறது. மாறாக, தன் பதினொரு பிள்ளைகளுக்காக ஆசிரியரை மாற்றி மாற்றி அமர்த்தும் தந்தையைப் பற்றிய 'மிஸ்டர் கிரெப்பான்' கதையில் தன் சொந்தத் தொழிலையே கேலிக்கு உள்ளாக்குகிறார், அங்கே அவர் கை எவ்வளவு இலகுவாக ஓடுகிறது!

கடைசி ஆண்டுகள் துயரமானவை. கண்ணோடு உடலும் நலிந்தது, மருத்துவ ஊற்றுகளைத் தேடி பிரான்சின் விஷி நகருக்குப் போய்வந்தும் பயனில்லை. 1845-இல் பாரிசின் 'லில்யூஸ்த்ராசியோன்' வார இதழ் அவருடைய 'மிஸ்டர் கிரிப்டோகாம்' கதையைத் தொடராக வெளியிட்டது. படக்கதை பருவ இதழுக்குள் நுழைந்த மிக முக்கியமான தருணங்களில் அது ஒன்று. ஆனால் இதழுக்கு மரச்செதுக்கு அச்சு தேவைப்பட்டதால், ஷாம் என்ற இளம் கேலிச்சித்திரக்காரர் அவற்றை மறுபடி வரைந்தார். தன் கோடு பிறர் கைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே ஓர் அச்சு முறையைத் தேடிக் கண்டவரின் இந்தக் கதை, இன்னொருவரின் கோட்டில் வெளிவந்தது. 1846 ஜூன் 8 அன்று, 47 வயதில், டோப்ஃபர் காலமானார். மகனுக்கு ஓவியத்தைக் கற்றுத்தந்த தந்தை அப்போது உயிரோடிருந்தார். அவர் இறந்தது அடுத்த ஆண்டில். டோப்ஃபரின் வாழ்நாளில் வெளியான அவருடைய படக்கதைகள் ஏழு. அந்த ஏழிலிருந்து நீளும் பாதையில்தான், 1865-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் வரைந்த மாக்ஸும் மோரிட்ஸும், அவர்களைப் பார்த்து 1897-இல் நியூயார்க்கில் ருடால்ஃப் டர்க்ஸ் படைத்த குறும்புச் சிறுவர்களும் வருகிறார்கள்.

ஆகவே, ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. படக்கதை 1895-இல் பிறந்தது என்ற கூற்றுக்கு, அடுத்த ஞாயிறு இணைப்பில் சிறியதாகவேனும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். இரண்டாவது, அதே பக்கத்தின் மூலையில் கட்டுரைக்கு அழகூட்டுவதற்காக, கழுத்தில் கயிறோடு ஒரு மனிதர் கட்டையை இழுத்துக்கொண்டு ஓடும் பழைய சித்திரம் ஒன்றைப் 'பழங்கால ஆங்கிலக் கேலிச்சித்திரம்' என்று மட்டும் குறிப்பிட்டு அச்சிட்டிருந்தீர்கள். அதில் ஓடுகிறவர் வியூ புவா. திருத்தத்தோடு அந்தப் படத்தை மீண்டும் வெளியிட்டு, அதன் கீழே ரொடோல்ஃப் டோப்ஃபர், ஜெனீவா என்று அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்